இருநூற்றுப் பதினைந்தாம் எண் தலை

செப்டெம்பர் என்ற குடும்பப் பெயர்கொண்ட கரேல், முப்பத்தெட்டு வருஷம் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "தலை அளக்கிறேன்" என்பார். தொப்பிக் கடையா என்று கேட்காத ஆளே எங்கள் தெருவில் இல்லை. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டவரின் நெற்றியை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "நூத்தித் தொண்ணூறு மில்லிமீட்டர் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு அந்த ஆள் நாள் முழுக்கத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் அவருக்குச் சுவர் ஒட்டின வீட்டுக்காரி. லீனி என்றால் ஆறாம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சட்டை ஆலையில் காலர் தைத்தேன். அவர் மனைவி டோராவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் நேரில் வந்து சொல்லட்டும்.

அவர் சாவதற்கு ஒரு வருஷம் முன்பு, கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் பெண் வந்தாள். வயது முப்பதுதான் இருக்கும். கையில் சின்னக் குழாய். அதில் எச்சில் துப்பச் சொன்னாள். எங்கள் சனங்கள் எங்கெங்கிருந்து வந்து கலந்தவர்கள் என்று அதை வைத்தே சொல்லிவிடலாமாம்.

"இதுக்குத் தலையை அளக்க வேண்டாமா?" என்றார் கரேல்.

"அதெல்லாம் அந்தக் காலம் தாத்தா. தலையில ஒண்ணும் இல்ல."

"என் தலையிலயா, பொதுவாவா?"

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பொறுமையாக விளக்கினாள். உலகத்து மனிதர்களை எந்தக் கூட்டமாகப் பிரித்தாலும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் கொஞ்சம்தானாம். ஒரே கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம்தான் ரொம்ப அதிகமாம். இப்போது ரத்தத்தையும் எச்சிலையும் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றாள். கரேல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதை எங்கள் தெருக்காரி எவளைக் கேட்டிருந்தாலும் குழாய் இல்லாமலே சொல்லியிருப்பாள். ஆனாலும் படித்தவர்கள் வாயால் கேட்டபோது, பொய் சொல்ல மாட்டேன், மனசு குளிர்ந்தது.

கரேல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தது இருபத்திரண்டு வயதில். முதலில் எலும்பு வேகவைத்துச் சுத்தம் செய்கிற வேலை. பிறகு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஆர்ம்ஸ்பி அவர் கையைப் பார்த்தார். நடுக்கமில்லாத கை. இடுக்கி போல வளைந்த இரும்புக் கவை ஒன்றைக் கொடுத்து, மண்டையின் நீளம், அகலம், மூக்கின் அகலம், உதட்டின் தடிமன் எல்லாம் அளக்கக் கற்றுக்கொடுத்தார். நாலைந்து வருஷத்தில் பேராசிரியரை விடக் கரேல் நன்றாக அளந்தார். அதன் பிறகு ஆர்ம்ஸ்பி கவையைத் தொடவே இல்லை. கரேல் அளந்து தாளில் எழுதிவைப்பார். ஆர்ம்ஸ்பி தாளை மட்டும் படித்து, அடியில் நீலப் பென்சிலால் இது வெள்ளைத் தலை, இது கலப்பினத் தலை, இது பூர்வகுடித் தலை, அதாவது கறுப்பர் தலை என்று எழுதுவார்.

தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆளையும் பார்க்க மாட்டார். "கண்ணு ஏமாத்தும் கரேல், எண் ஏமாத்தாது" என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையை ஒரு தடிமனான புத்தகமாகவும் போட்டிருந்தார். அதில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சராசரி மனிதன் உண்டு.

"நாலாயிரம் பேரை அளந்துட்டேன் லீனி. அந்தச் சராசரிக்காரன் மட்டும் இதுவரைக்கும் வந்ததே இல்ல" என்பார் கரேல்.

"அதை உங்க பேராசிரியர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"கேட்டாச் சொல்லுவேன். அவர் கேக்கலையே."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன சொல்ல? நல்லவர்தான், ஆனால் அந்தச் சாந்தத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பத்தேழாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை. துணி துவைக்கிற நாள். டோரா எல்லா நாளும் தலை சீவி, முடியைத் தலையைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டிவைப்பாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். கழற்றும்போது முடி வழவழவென்று படிந்திருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், மறுபடி சுருண்டுகொள்ளும். முடி வீட்டுக்குப் போய்விட்டது என்போம். அன்றைக்கு டோரா தலைக்குக் குளித்துவிட்டு, கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ தட்டினார்கள். மீன்காரன் என்று நினைத்து அப்படியே போய்த் திறந்துவிட்டாள்.

மீன்காரன் இல்லை, வீடு வீடாகப் போய் யார் என்ன இனம் என்று எழுதுகிற பதிவு அலுவலகத்து ஆள். கையில் காகித அட்டை. கரேலையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கலப்பினம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தான். டோராவைப் பார்த்ததும் குனியச் சொன்னான். காதிலிருந்த பென்சிலை எடுத்து அவள் முடியில் செருகி, தலையை ஆட்டச் சொன்னான். ஈரமுடியில் செருகின பென்சில் எங்கே விழும்? விழவில்லை. முடியில் பென்சில் நின்றால் கறுப்பர் என்பது அவர்கள் கணக்கு. 'பூர்வகுடி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

நான் ஆலையிலிருந்து வந்தபோது டோரா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"காலுறையை மாட்டிட்டுத் திறந்திருக்கக் கூடாதாடி?" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"என் வீட்டு வாசலைத் திறக்க நான் வேஷம் போட்டுக்கணுமா லீனி?" என்றாள்.

அந்த எழுத்து நின்றுவிட்டால் சட்டப்படி அவள் எங்கள் தெருவில் குடியிருக்க முடியாது. கரேலோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கின லாங்காவுக்குப் போய், ஊரில் தங்க அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் ரயிலேற்றி, அவள் கண்ணால் கண்டிராத கிழக்குப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் இங்கே, அம்மா அங்கே. எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அப்படி நடந்திருந்தது.

கரேல் ஒரு வக்கீலைப் பிடித்து, எழுதின இனத்தை மாற்றச் சொல்லி அரசாங்கக் குழுவிடம் முறையீடு போட்டார். வக்கீல் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பூர்வகுடிச் சொந்தம் யாராவது இருக்காங்களா?"

இருந்தார்கள். டோராவின் அம்மாவுக்கு அக்கா, நோசிஸ்வே பெரியம்மா. லாங்காவில் இருந்தாள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. டோராவுக்கு ஒன்பது வயதில் அம்மா செத்தபோது, தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஞாயிறு தவறாமல் காலைப் பேருந்தில் வந்துவிடுவாள். தேங்காய்த் துருவலில் புரட்டிய இனிப்பு வடை எங்கள் வீடுகளில் ஞாயிறு காலைப் பலகாரம். பெரியம்மா வந்தால் டோரா அதை ஒரு டஜன் கூடச் செய்வாள்.

"குழு முன்னாடி அந்தம்மாவைத் தெரியாதுன்னு சொல்லணும்" என்றார் வக்கீல். "தெரியும்னு சொன்னா முறையீடு அங்கேயே முடிஞ்சிடும்."

டோரா அதைப் பெரியம்மாவிடம் மறைக்கவில்லை. நானும் அங்கே இருந்தேன். பெரியம்மா தேநீரை ஆற்றிக் குடித்தபடி, "சொல்லிடு" என்றாள். "தெரியாதுன்னு சொல்லிடு மகளே. எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது. பிள்ளைங்களைப் பாரு."

"எப்படிப் பெரியம்மா சொல்லுவேன்?"

"வாயாலதான். வேற எதால?"

டோரா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், வீட்டைக் காப்பாற்ற அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அவளை அரித்தது.

முதல் விசாரணையில் குழுவின் தலைவர், தோற்றத்தைப் பற்றி நிபுணர் கருத்து வேண்டும் என்று எழுதி, டோராவை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். எந்தக் கல்லூரிக்கு என்று சொல்லவும் வேண்டுமா! ஒரு வியாழக்கிழமை, கரேல் தன் மேஜைக்கு முன்னால் தன் மனைவியே வந்து உட்காருவதைப் பார்த்தார். பக்கத்தில் நர்ஸ் வேறு நின்றாள். இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று அவளுக்குத் தெரியாது.

"மூக்கைச் சுருக்காதீங்கம்மா" என்றார் கரேல்.

"இரும்பு சில்லுன்னு இருக்குங்க" என்றாள் டோரா.

பத்தொன்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுத்தவர்கள், யாரோ எவரோ மாதிரி பேசிக்கொண்டார்கள். கரேல் அளந்தார். எழுதினார். தாளில் அந்த வருஷத்து எண் இருநூற்றுப் பதினான்கு.

அன்று சாயங்காலம் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "மூக்குல ரெண்டு மில்லி குறைச்சு எழுதினீங்களா?"

"இல்ல."

"உதட்டுல?"

"இல்ல லீனி. உள்ளதைத்தான் எழுதினேன். என் கைக்குப் பொய் எழுத வராது."

"உங்க கையை உடைச்சு அடுப்புல வைக்க!" என்று கத்தினேன். டோராதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மனசாரச் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு திங்கட்கிழமையும் கரேல் ஒரே தலையை அளப்பார். அது பேராசிரியர் ஆர்ம்ஸ்பியின் தலை. போன வாரத்து எண்ணும் இந்த வாரத்து எண்ணும் ஒத்துப்போனால் கவை சரி. அந்தத் தாளின் மேல் எண் போடாமல் பூஜ்யம் போட்டுத் தனி உறையில் வைப்பார்கள். இருபத்து மூன்று வருஷ வழக்கம். டோராவை அளந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை கரேல் அந்தத் தாளில் பூஜ்யத்துக்குப் பதில் இருநூற்றுப் பதினைந்து என்று எழுதிவிட்டார். அந்த வாரத்துத் தாள்களோடு அதுவும் பேராசிரியரின் மேஜைக்குப் போய்விட்டது.

மனக்கலக்கத்தில் கை தவறிவிட்டது என்று சாகும்வரை சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. இருபத்து மூன்று வருஷம் தவறாத கை, சரியாக அந்த ஒரு திங்கட்கிழமையா தவறும்? ஆனாலும் அவர் பொய் சொல்லி நான் கேட்டதும் இல்லை. எப்படியோ தவறியது, தவறியதே நல்லது.

ஆர்ம்ஸ்பி தாள்களைப் படித்தார். இருநூற்றுப் பதினான்கின் அடியில், 'ஐரோப்பியச் சாயல் மிகுதி' என்று எழுதினார். இருநூற்றுப் பதினைந்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டை இவ்வளவு, மூக்கு இவ்வளவு, உதடு இவ்வளவு. கூட்டிக் கழித்துப் பார்த்து, 'பூர்வகுடிக் கலப்பு தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கரேலைக் கூப்பிட்டார்.

"இந்த ஆள் யாரு? சுவாரஸ்யமான தலை. மறுபடி வரச்சொல்லு, போட்டோ எடுக்கணும்."

கரேல் தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பி மேஜை மேல் வைத்தார்.

"வரச்சொல்ல வேண்டாங்க ஐயா."

"ஏன், ஊரை விட்டுப் போயிட்டானா?"

"இல்லீங்க ஐயா. இங்கதான் நாற்காலியில உக்காந்திருக்காரு."

ஆர்ம்ஸ்பி திரும்பிப் பார்த்தாராம், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று. இந்த இடம் வந்தால் கரேலே சிரித்துவிடுவார். பிறகு அவர் முகம் மாறியது. கவையைத் தானே எடுத்து, கண்ணாடி முன் நின்று தன் மூக்கை அளந்தார். நம்பாமல் கரேலையும் அளக்கச் சொன்னார். அதே எண். தன் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதிலும் அதே எண்ணுக்கு அதே தீர்ப்புத்தான் இருந்தது, அவரே எழுதியது.

புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலோரம் போனார். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இதுவரைக்கும் எத்தனை தலை கரேல்?"

"நாலாயிரத்துச் சொச்சம் ஐயா."

"இப்படி எத்தனை தப்பா எழுதியிருப்பேன்?"

"தெரியாதுங்க ஐயா. ஆனா ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களை ரெண்டு மூணு தடவை வேற வேற இனத்துல போட்டிருக்கீங்க. எண்ணை வச்சுப் பார்த்தா நீங்க போட்டதுல தப்பு இல்ல. எண்ணுதான் அப்படி வருது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல ஐயா."

அப்புறம் ஆர்ம்ஸ்பி மற்றத் தாளை எடுத்தார். "இந்த இருநூத்திப் பதினாலு யாரு?"

"என் பொண்டாட்டிங்க ஐயா."

அன்று மாலையே ஆர்ம்ஸ்பி குழுவுக்குக் கடிதம் எழுதினார். கரேலுக்கு அதன் வாசகம் மனப்பாடம். ஒரு தனி மனிதரின் உடலை அளந்து அவர் எந்த இனம் என்று எங்கள் துறையால் சொல்ல முடியாது. ஒரே தாயின் பிள்ளைகளே எங்கள் அளவில் வேறு வேறு இனமாக விழுந்திருக்கிறார்கள். ஆகவே உறவினர் யார் என்று பார்ப்பதாலும் பயனில்லை. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, இருநூற்றுப் பதினைந்தாம் எண் தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். கரேல் கொடுத்துவிட்டார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன், சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். ஆர்ம்ஸ்பி மனம் திருந்தி எழுதினாரா, மானத்துக்குப் பயந்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த பதிப்பிலும் அந்தச் சராசரி மனிதன் இருந்தான் என்று மட்டும் தெரியும். ஆனாலும் அந்தக் கடிதத்துக்காக அவரை நான் திட்டுவதில்லை.

இரண்டாம் விசாரணைக்கு நானும் சாட்சி. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், தடித்தவர். வலது கைப் பக்கம் ஒரு ஒல்லி, குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தான். தலைவர் என்னிடம், இந்தப் பெண்மணியை அக்கம்பக்கத்தில் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"எங்க சர்ச்சுல பாட்டுக் குழுவுல பாடறா. என் மூத்தவளுக்கு ஞானத்தாய். என்கிட்ட வாங்கின கத்திரிக்கோலை ரெண்டு வருஷமாத் திருப்பித் தரல. இதுக்கு மேல எப்படிங்க ஏத்துக்கிறது?"

தலைவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஒல்லிக்காரன் சிரிக்கவில்லை. அவன் டோரா பக்கம் திரும்பி, "உங்க தாய்வழி உறவு பத்தி ஒரு கேள்வி" என்று ஆரம்பித்தான்.

டோராவின் கை என் கைக்குள் இருந்தது. அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன்.

தலைவர் ஆர்ம்ஸ்பியின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதைப் படிச்சியா இல்லையா? உறவைப் பாத்துப் பிரயோஜனமில்லைன்னு பேராசிரியரே எழுதிக் கொடுத்துட்டார். அவரை விட உனக்குத் தெரியுமா? அந்த ஆராய்ச்சியில எறங்கினா கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்கேயே உக்காந்திருக்க வேண்டியதுதான். அடுத்த ஆளைக் கூப்பிடு."

ஒல்லிக்காரன் குறிப்பேட்டை மூடிவைத்தான். நாங்கள் வெளியே வந்தோம். டோரா படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். என்ன தீர்ப்பு என்று இன்னும் தெரியாது. ஆனாலும் எனக்கே நெஞ்சிலிருந்து கல்லை எடுத்தது போல இருந்தது.

ஏழு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை தபாலில் முடிவு வந்தது. கலப்பினம். அவள் வீட்டில் இருக்கலாம். கரேல் கடிதத்தைப் படித்துவிட்டு, கொல்லைக்குப் போய்க் கொடியிலிருந்த துணிகளை எல்லாம் மடித்துக் கொண்டுவந்து வைத்தார். அந்த மனிதர் துணி மடித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தெருவே திரண்டு வந்தது. அன்றைக்குப் போட்ட கூச்சலில் கட்டின என் தொண்டை சரியாக ஒரு வாரம் ஆயிற்று.

பிற்பாடு எங்கள் எல்லோரையும், அளந்தவரையும் அளக்காதவரையும், வட்டாரமே இனி வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்று சொல்லிப் பெயர்த்து, ஊருக்கு வெளியே மணல்காட்டுக்கு அனுப்பினார்கள். அது வேறு வயிற்றெரிச்சல். ஐம்பத்தேழில் அந்த வாரம் நாங்கள் மனசார மூச்சு விட்டோம். அதை யாரும் எங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

விசாரணை தொடங்கியதிலிருந்து எங்கள் தெருப் பக்கமே வராமல் இருந்த பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வழக்கமான பேருந்தில் வந்தாள். தகவல் தெரிந்துதான் வந்தாள். டோராவைக் கட்டிக்கொண்டாள், பிள்ளைகளை முத்தமிட்டாள், தன் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் கேட்டாள். டோரா தட்டில் இனிப்பு வடையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றாள் பெரியம்மா.

"கேக்க வந்தாங்க. கேக்கல."

"கேட்டிருந்தா?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். டோரா விடவில்லை.

"தெரியாதுன்னு சொல்லியிருப்பேன் பெரியம்மா. வாய் வரைக்கும் வந்துடுச்சு."

கரேல் தரையைப் பார்த்தார். பெரியம்மா டோராவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"சொல்லச் சொன்னது நான்தானே. அப்படி என் வாய்தான் சொல்லிச்சு மகளே, மனசு சொல்லல. இத்தனை நாளும் சலவைத் தொட்டிகிட்ட நின்னு ஒண்ணே ஒண்ணுதான் வேண்டிக்கிட்டேன். உனக்கு வீடு போகக் கூடாதுன்னு கூட இல்ல. சாமி, அந்தக் கேள்வி மட்டும் வராம இருக்கட்டும்னு."

"நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன்" என்றாள் டோரா.

பெரியம்மா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். டோரா எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, அப்படியே, வடைகள் ஆறிப்போகும் வரை தூங்கினாள்.